மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதற்கான காரணம் உயிரணுவின் உட்கருவில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் எச்.ஐ.வி. குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை டர்பனிலிருந்து படித்தேன். நோயுற்றவர்களை இழிவாகப் பேசாமல், அச்சுறுத்தாமல் எழுதப்பட்டிருந்த அக்கட்டுரையை மனதார வரவேற்கிறேன். ஆயினும் அதில் இரண்டு செய்திகள் திருத்தப்பட வேண்டும். கிருமி உயிரணுவுக்குள் நுழைந்தவுடனேயே அதன் புரத ஓடு கரைந்துவிடுகிறது என்பது ஒன்று. மருந்தைச் சில ஆண்டுகள் ஒழுங்காக உட்கொண்டால் இரத்தத்தில் கிருமி அற்றுப்போய்விடும், அதன்பின் உடலே பார்த்துக்கொள்ளும் என்ற பொருள்பட எழுதியிருந்தது மற்றொன்று. முதலாவது செய்தியைப் பாடநூல்களே நெடுங்காலம் சொல்லிவந்தன. ஆகவே கட்டுரையாளரைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டாவதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இக்கிருமி உயிரணுவின் உட்கருவுக்குள் எவ்வாறு போகிறது, போன பின் அங்கே என்ன செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் இரண்டு பிழைகளும் ஒருங்கே விலகும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் குவாசுலு-நட்டால் மாநிலத்தின் அரசு கிளினிக்குகளில் மருந்து வழங்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 80 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் நம்மவர்களிடையே இது பிறருடைய நோய் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்தாலேயே, மாத்திரை உட்கொள்ளும் நம்மவர்கள் அதை மறைத்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது. மறைத்து உட்கொள்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆளும் இருப்பதில்லை. தமிழில் வரும் ஒரு கட்டுரையை அவர்கள் எவ்வளவு கவனமாகப் படிப்பார்கள் என்பதை நான் அறிவேன்.

எச்.ஐ.வி.யின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. ஏறத்தாழ 9,700 மரபுக் குறியீட்டு எழுத்துகள் கொண்ட அந்த இழையின் இரண்டு படிகள் ஒவ்வொரு கிருமித் துகளிலும் உள்ளன. அவற்றை மூடி நிற்பதுதான் கேப்சிட் எனப்படும் புரத ஓடு. ஒரே வகைப் புரதம் ஏறத்தாழ 1,500 முறை அடுக்கப்பட்டு, பெரும்பாலும் அறுகோணங்களாகவும் சரியாக 12 இடங்களில் மட்டும் ஐங்கோணங்களாகவும் இணைந்து, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் உள்ள கூம்பாக அது அமைகிறது. நோய் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கும் சி.டி.4 வகை வெள்ளையணுவின் மேற்பரப்பில் கிருமி ஒட்டிக்கொண்டு, தன் கொழுப்பு உறையை அந்த அணுவின் சவ்வோடு இணைத்துவிட்ட பின், உள்ளே போய்ச் சேர்வது இந்தக் கூம்புதான்.

அங்கிருந்து உட்கருவரை உள்ள பயணத்தைப் பற்றித்தான் கருத்து மாறியிருக்கிறது. ஓடு உள்ளே வந்தவுடன் உடைந்துவிடும், உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. அணுவின் வெளிப்புறத் திரவத்திலேயே டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்படும், அந்த டி.என்.ஏ. மட்டும் சில புரதங்களுடன் உட்கருவுக்குள் நுழையும் என்று முன்பு கருதினார்கள். அவ்வாறு கருதியதற்கு நியாயம் இருந்தது. அணுக்களை உடைத்து உள்ளிருப்பதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, கிருமியின் டி.என்.ஏ.வோடு ஓட்டுப் புரதம் மிகக் குறைவாகவே கிடைத்தது. மேலும், உட்கருவைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வில் இருக்கும் துளைகளின் நடுவழி ஏறத்தாழ 40 நானோமீட்டர் அகலமே என்று அளந்திருந்தார்கள். கூம்பின் அகன்ற முனையோ ஏறத்தாழ 60 நானோமீட்டர். அறுபது நாற்பதுக்குள் புகாது என்ற கணக்கில் எவரும் குறை காண முடியாது அல்லவா?

ஆனால் ஒரு முரண் தொடக்கத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. எச்.ஐ.வி.யைப் போலவே ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதும் வைரஸ்களுக்கு ரெட்ரோவைரஸ் என்று பெயர். எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வகை ரெட்ரோவைரஸ், அணு இரண்டாகப் பிரியும்போது உட்கருச் சவ்வு கலைவதற்காகக் காத்திருந்து, அதன்பிறகே உள்ளே போகிறது. எச்.ஐ.வி. அப்படிக் காத்திருப்பதில்லை, பிரியாத அணுக்களிலும் அது தொற்றுகிறது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தத் திறமை கிருமியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்த மசாஹிரோ யமாஷிட்டாவும் மைக்கேல் எமர்மனும், அது ஓட்டுப் புரதத்தில்தான் இருக்கிறது என்று 2004இல் காட்டினார்கள். வாசலுக்கு வெளியிலேயே கழற்றி எறியப்படும் ஓடு, வாசலைக் கடக்கும் திறமையை எப்படித் தர முடியும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதற்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

விடை அளவுகோலில் இருந்தது. அணுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உட்கருத் துளைகள் சுருங்கிவிடுகின்றன; முழுமையான அணுவில், சவ்வின் இழுவிசைக்கு உட்பட்டிருக்கும்போது அவை விரிந்தே இருக்கின்றன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க், பிராங்பர்ட் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தொற்றுக்குள்ளான வெள்ளையணுக்களை நொடிப்பொழுதில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் பல கோணங்களில் படமெடுத்து 2021இல் வெளியிட்டார்கள். துளையின் நடுவழி ஏறத்தாழ 64 நானோமீட்டர் இருந்தது. அதன் நடுவே கூம்பு முழு வடிவத்தோடு, குறுகிய முனை முன்னே செல்ல, நுழைந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வினய் பதக்கின் ஆய்வுக்குழு, உயிருள்ள அணுக்களில் ஒளிரும் குறியிட்டுப் பின்தொடர்ந்து, ஓடு உட்கருவுக்குள் போன பிறகே, அதுவும் மரபுப்பொருள் இணையப்போகும் இடத்துக்கு மிக அருகிலேயே உடைகிறது என்று காட்டியிருந்தது. இரண்டு வேறு வழிகளில் சென்றவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். கட்டுரையின் முதல் செய்தி திருத்தப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வழி அகலமாக இருந்தால் மட்டும் போதாது. உட்கருத் துளையின் நடுவில், ஃபினைல் அலனைன், கிளைசின் என்னும் இரு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் புரத இழைகள் அடர்ந்து நிற்கின்றன. அவை எவற்றையும் எளிதில் விடுவதில்லை. அணுவின் சொந்தச் சுமைதூக்கிப் புரதங்கள் மட்டுமே அந்த இழைகளோடு கலந்து கடந்து செல்லக்கூடியவை. எச்.ஐ.வி.யின் ஓடு அந்தச் சுமைதூக்கிகளின் இயல்பையே தன் மேற்பரப்பில் கொண்டிருக்கிறது என்று இரண்டு ஆய்வுக்குழுக்கள் 2024இல் தனித்தனியே காட்டின. அதன்பின் 2025இல் பிராங்பர்ட் ஆய்வாளர் மார்ட்டின் பெக்கின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, கூம்பு நுழையும் அழுத்தத்தில் துளையின் வளையமே சில இடங்களில் விரிசல் விடுகிறது என்றும் கண்டது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை மறைக்க விரும்பவில்லை. மனித உடலுக்கு இவ்வளவு தீங்கு செய்யும் ஒன்று என்ற வெறுப்பையும் மீறி, இதைக் கண்டறிந்தவர்களின் பொறுமைக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது.

உள்ளே சென்ற ஓட்டைச் சி.பி.எஸ்.எஃப்.6 என்னும் மனிதப் புரதம் பற்றிக்கொண்டு, உட்கருவின் நடுப்பகுதியில் மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்யும் இடங்களை நோக்கி அழைத்துச் செல்கிறது. அந்தப் புரதத்தோடு ஒட்ட முடியாதபடி ஓட்டை மாற்றியமைத்தால், கிருமி உட்கருவின் விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. அங்கே மரபணுக்கள் பெரும்பாலும் உறங்குகின்றன. அதாவது, கிருமி எங்கு போய் இறங்குகிறது என்பதிலும் நம் அணுவின் புரதங்களே அதற்கு உதவுகின்றன. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதும் வேலையும் உட்கருவுக்குள் வந்துதான் நிறைவு பெறுகிறது.

அடுத்து நடப்பதுதான் என் கடிதத்தின் மையம். இன்டக்ரேஸ் என்னும் நொதி, புதிதாக எழுதப்பட்ட டி.என்.ஏ.வின் இரு நுனிகளிலிருந்தும் இரண்டிரண்டு எழுத்துகளை வெட்டி எடுக்கிறது. பின்பு எல்.இ.டி.ஜி.எஃப். என்ற மற்றொரு மனிதப் புரதத்தின் துணையோடு நம் குரோமோசோமில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு மரபணுவைப் பற்றிக்கொண்டு, அதன் இரு இழைகளையும் ஐந்து எழுத்து இடைவெளியில் வெட்டி, கிருமியின் டி.என்.ஏ.வை அங்கே பொருத்துகிறது. எஞ்சிய இடைவெளிகளை நிரப்பித் தைப்பது கிருமி அல்ல; டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய நம் அணுவில் எப்போதும் இருக்கும் நொதிகளே அதையும் செய்து முடிக்கின்றன. தையல் முடிந்த பின், 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே அந்த 9,700 எழுத்துகளும் நம்முடையவையாகவே ஆகிவிடுகின்றன. கடைக் கணக்குப் பேரேட்டில் அதே மையால், அதே கையெழுத்தில் நடுவே ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், பேரேட்டைப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரியும் சேர்ந்தே படியாகும். அணு இரண்டாகப் பிரியும்போது கிருமியின் எழுத்தும் அவ்வாறே இரண்டாகிறது.

ஆர்.என்.ஏ. கொண்ட வைரஸ் ஒன்று அணுவுக்குள் டி.என்.ஏ. வடிவில் தங்கக்கூடும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஹோவர்டு டெமின் 1964இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அவ்வாறு எழுதும் நொதியை அவரும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே 1970இல் கண்டுபிடித்த பிறகே உலகம் நம்பியது. 1975இல் நோபல் பரிசு கிடைத்தது. அது கோழிகளின், எலிகளின் வைரஸ்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி. எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட 1983க்கு முன்பே அந்த அறிவு கையில் இருந்ததால்தான் மருந்துகள் அவ்வளவு விரைவாக வர முடிந்தது.

இங்கே அரசு கிளினிக்குகளில் 2019 இறுதியிலிருந்து வழங்கப்படும் டி.எல்.டி. மாத்திரையில் மூன்று மருந்துகள் உள்ளன. டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதும் வேலையைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் இன்டக்ரேஸின் செயல் மையத்தில் உள்ள மெக்னீசிய அயனிகளைப் பற்றிக்கொண்டு, பொருத்தும் வேலையைத் தடுக்கிறது. மூன்றுமே புதிதாக ஓர் அணு தொற்றுக்குள்ளாவதைத் தடுப்பவை. ஏற்கெனவே குரோமோசோமில் பொருந்திவிட்டதை இவற்றில் எதுவும் தொடுவதில்லை. தொடும் மருந்து எதுவும் இன்றுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. அப்படிப் பொருந்தியவற்றுள் பெரும்பாலானவை சிதைந்தவை, தீங்கற்றவை. ஆனால் முழுமையாக இருக்கும் சில, முன்பு கண்ட நோய்க்கிருமிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஓய்விலிருக்கும் நினைவு வெள்ளையணுக்களில் ஓசையின்றிக் கிடக்கின்றன. மருந்து உட்கொள்வோரிடமும் அவை இருப்பதை 1997இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் கண்டன. அந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன என்றும், முற்றிலும் தீர 70 ஆண்டுகளுக்கு மேலாகும் என்றும் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் சிலிசியானோவின் குழு கணக்கிட்டது.

ஆகவே, பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்று வரும் முடிவு, இரத்தத்தில் உள்ள கிருமி, பரிசோதனையால் அளக்கக்கூடிய அளவுக்கும் கீழே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அது சிறிய செய்தி அன்று. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே இன்னொருவருக்குத் தொற்று பரவுவதில்லை, அவர் தம் ஆயுளை நலமாக வாழலாம், திருமணம் செய்துகொள்ளலாம். இதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே, உட்கருவில் கிடக்கும் அந்த எழுத்திலிருந்து கிருமி மறுபடியும் கிளம்பிவிடுகிறது. முற்றிலும் நலம் பெற்றார் என்று உலகறிந்த திமொதி ரே பிரவுன், இரத்தப் புற்றுநோய்க்காக பெர்லினில் எலும்பு மஜ்ஜை அணுக்களையே மாற்றிக்கொண்டவர். எச்.ஐ.வி. நுழைய முடியாத மரபுக் குறை கொண்ட ஒருவருடைய அணுக்களைப் பெற்றதால் அவருக்கு அது கைகூடியது. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை 80 லட்சம் பேருக்கு எவரும் செய்ய இயலாது.

டர்பனை அடுத்த எங்கள் உம்லாசியிலேயே ஓர் ஆய்வு நடந்தது. தொற்று ஏற்பட்ட மிகத் தொடக்கத்திலேயே மருந்து தொடங்கிய 20 பெண்களுக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தும் கொடுத்து, மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். நால்வர் ஆய்வு முடிந்த பின்னும் மாத்திரையின்றி இருந்தார்கள் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. பெருமைக்குரிய முன்னேற்றம்தான். ஆனால் மற்ற பதினாறு பேர் மாத்திரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது என்பதையும், அனைவரும் இடைவிடாத மருத்துவக் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதாத செய்தி, வீட்டில் தனியே இதை முயன்று பார்க்கத் துணிபவருக்குத் தீங்காகவே முடியும்.

ஓடு உட்கருவரை உடையாமல் போகிறது என்ற கண்டுபிடிப்பு ஏட்டுச்சுரைக்காய் அன்று. லெனகாபவிர் என்ற புதிய ஊசிமருந்து, ஓட்டில் சி.பி.எஸ்.எஃப்.6 ஒட்டும் அதே குழிவில் போய் அமர்ந்து, ஓட்டை விறைக்கச் செய்து, உட்கருவுக்குள் போகும் வழியையே அடைத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடையே நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஊசியைப் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று 2024இல் முடிவு வந்தது. தொற்று இல்லாதவரைக் காப்பதற்கான இந்த ஊசி, தினமும் மாத்திரை உட்கொள்வதை வீட்டாரிடம் மறைக்க வேண்டிய நிலையிலுள்ள பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, மாத்திரைகளை மருந்துப் புட்டியிலிருந்து எடுத்துப் பழைய சத்துமாத்திரைப் புட்டியில் கொட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்த என் போன்றோர் அறிவோம். தங்கள் கட்டுரையில் இம்மருந்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது எனக்கு வருத்தமே.

அறிவியலைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை இந்நாடு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. உலக எய்ட்ஸ் மாநாடு 2000ஆம் ஆண்டு ஜூலையில் எங்கள் டர்பனில், பேராசிரியர் ஹூசேன் குவாடியாவின் தலைமையில் கூடியது. அப்போதைய அதிபர் தாபோ உம்பெக்கி, எய்ட்ஸ் நோய்க்கு இக்கிருமிதான் காரணமா என்றே ஐயம் எழுப்பிவந்த காலம் அது. எச்.ஐ.வி.யே காரணம் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட அறிக்கை டர்பனின் பெயராலேயே வெளிவந்தது. அதன்பிறகும் சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். மருந்து தாமதமானதால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணித்தார்கள். பூண்டு நல்ல உணவுதான். குரோமோசோமில் பொருந்திய எழுத்தை அது அழிக்காது. இன்றும் வேரும் பொடியும் விற்று, கிருமியை வேரோடு அழிப்பதாக நம் மொழியிலேயே விளம்பரம் செய்பவர்களுக்குத் தங்கள் இதழ் இடம் தரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

கடைசியாக, எங்கள் ஊருக்கே உரிய ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடிக்கும், பெரிய வெள்ளியை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கோம்ப்பில் நடக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும், புரட்டாசி மாதத்துக்கும் இங்குள்ள தமிழர்கள் பக்தியோடு விரதம் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்று எண்ணியோ, விரதத்தில் மருந்து தீட்டு என்று எண்ணியோ அந்நாள்களில் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டி.எல்.டி. மாத்திரையை உணவோடும் உட்கொள்ளலாம், வெறும் வயிற்றிலும் உட்கொள்ளலாம். விரதத்துக்கு அது தடையே அல்ல. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பற்றி மட்டும் கவனம் தேவை. அந்த உலோகங்கள் வயிற்றிலேயே டோலுடெக்ராவிரைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் செய்துவிடும். உணவோடு சேர்த்து உட்கொள்ளும்போது இந்தத் தொல்லை இல்லை. விரத நாளில் வெறும் வயிற்றில் உட்கொள்வதானால், டி.எல்.டி.யை முதலில் உட்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்தே சத்துமாத்திரையை உட்கொள்ள வேண்டும். சத்துமாத்திரையை முதலில் உட்கொண்டுவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழக்கமாகத் தரப்படுவதால் அவர்கள் இதைக் கிளினிக்கில் தவறாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோயில்களில், நோயின் பெயரைச் சொல்லாமல், தினசரி மருந்து உட்கொள்வோர் எவரும் விரதத்துக்காக அதை நிறுத்த வேண்டாம் என்று பொதுவாக அறிவித்தால் போதும். யாருடைய இரகசியமும் வெளிப்படாது. கொடியேற்றத்தன்று கோயில் நிர்வாகக் குழுவினர் இந்த ஓர் அறிவிப்பைச் செய்ய வேண்டுமென்று தங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தகப் பணியாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.